சோலர் சார்ஜ் கொன்ட்ரோலரில் இருந்து சிறிய விசிறியை இயக்குதல்: பகலில் மட்டும் ஓடச் செய்வது எப்படி?

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறடிக்கு ஐந்தடி அளவுள்ள ஒரு சிறிய அறை இருக்கிறது. சுவர்கள் சீமெந்துக் கல்லால் ஆனவை, கூரை தகரம், உயரம் ஏறத்தாழ எட்டடி. 2022இல் மின்வெட்டுகள் நீண்டபோது அந்த அறையில் ஒரு சிறிய சோலர் தொகுதியைப் பொருத்தினோம். 50 வாற்று பெனல் ஒன்று, 12 வோல்ற்று 26 அம்பியர்-மணி மூடிய ஈய-அமிலப் பற்றரி ஒன்று, பெனலிலிருந்து பற்றரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 10 அம்பியர் சார்ஜ் கொன்ட்ரோலர் ஒன்று (பீ.டபிள்யூ.எம்., அதாவது பெனலைப் பற்றரியுடன் விட்டுவிட்டு இணைக்கும் வகை), இவ்வளவுதான். கொன்ட்ரோலரின் லோட் முனைகளில் (கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கும் முனைகள்) படிக்கட்டுக்கான இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் முறையில் அவற்றை வைத்திருக்கிறோம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த அறைக்குள் நண்பகலில் நிற்கவே முடிவதில்லை. பற்றரியின் உடலைத் தொட்டால் சூடு தெரிகிறது. ஆகவே சுவரின் மேற்பகுதியில் ஒரு துளையிட்டு, கணினிகளில் பயன்படும் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைப் பொருத்த எண்ணுகிறேன். அதன் மேல் 12 வோல்ற்று, 0.25 அம்பியர் என்று அச்சிடப்பட்டுள்ளது. அது பகலில் மட்டும் ஓட வேண்டும். ஆனால் லோட் முனைகளில் பகலில் மின்சாரமே வருவதில்லை.

எனக்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன. முதலாவது, லோட் முனையில் ஒரு ரிலேயை (மின்காந்தச் சுருளால் இயங்கும் ஆளி) இணைத்து, அதன் வழக்கமாக மூடியிருக்கும் தொடுகை வழியாகப் பற்றரியிலிருந்து விசிறிக்கு மின்சாரம் கொடுப்பது. அப்போது விளக்கு எரியும்போது விசிறி நிற்கும், விளக்கு அணையும்போது விசிறி ஓடும். இரண்டாவது, பற்றரியைத் தொடாமல் பெனலின் இரு வயர்களிலேயே விசிறியை நேரடியாக இணைத்துவிடுவது. இவற்றில் எது சரி, அல்லது வேறு நல்ல வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

வெள்ளவத்தை மின்பணியாளர் எழுதியது:

வணக்கம். நீங்கள் கூறிய இரண்டு வழிகளையும் தவிர்க்கும்படியே கேட்டுக்கொள்வேன்.

ரிலே வழியில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. உங்கள் கொன்ட்ரோலர் லோட் முனையை இரண்டு காரணங்களுக்காக நிறுத்தும். ஒன்று விடிந்துவிட்டது என்பது. மற்றையது பற்றரி வற்றிவிட்டது என்பது, அதாவது மின்னழுத்தம் 11 வோல்ற்றுக்கு அண்மையில் இறங்கியதும் லோடைத் துண்டித்துப் பற்றரியைக் காப்பாற்றுவது. உங்கள் ரிலேக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மழை தொடர்ந்து பெய்யும் ஜூன் மாத இரவொன்றில் பற்றரி வற்றி, கொன்ட்ரோலர் விளக்குகளை அணைத்த அதே கணத்தில் ரிலே விடுபட்டு விசிறியை ஓட விடும். பற்றரியில் எஞ்சியிருப்பதை உறிஞ்சுவதற்கு அதைவிடப் பொருத்தமற்ற நேரம் இல்லை. ஈய-அமிலப் பற்றரியை அப்படிச் சில தடவைகள் அடிமட்டம் வரை வற்றவிட்டாலே அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். ரிலேயின் சுருளும் இரவு முழுவதும் 30 மில்லி அம்பியர் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும் என்பது இதனுடன் ஒப்பிட்டால் சிறிய விடயம்.

பெனலில் நேரடியாக இணைப்பதைப் பற்றி. 12 வோல்ற்று பெனல் என்று நாம் அழைப்பது உண்மையில் 36 கலங்கள் கொண்டது. சுமையில்லாதபோது அது 21, 22 வோல்ற்று வரை காட்டும். பற்றரி நிறையாதவரை கொன்ட்ரோலர் பெனலைப் பற்றரியுடன் சேர்த்துப் பிடித்திருப்பதால் பெனல் முனைகளிலும் 13, 14 வோல்ற்றே நிற்கும். பற்றரி நிறைய நிறையக் கொன்ட்ரோலர் பெனலை விட்டுவிட்டுப் பிடிக்கத் தொடங்கும், அப்போது விசிறியின் மேல் 21 வோல்ற்றுத் துடிப்புகள் விழும். 12 வோல்ற்று விசிறிகள் பலவற்றின் மேல் எல்லை 13.8 வோல்ற்று. எனவே வெயில் மிகுந்த நாளில்தான் விசிறி கருகும்.

என் பரிந்துரை எளியது. கொன்ட்ரோலரை 24 மணிநேரமும் லோட் கொடுக்கும் முறைக்கு மாற்றுங்கள். படிக்கட்டு விளக்குகளுக்கு ஒரு சாதாரண ஆளியோ, 12 வோல்ற்றில் இயங்கும் ஒளியுணர் ஆளியோ போடுங்கள். விசிறியை லோட் முனையிலேயே இணைத்து, அதன் நேர் வயரில் தொடராக ஒரு தேர்மல் சுவிட்சைச் சேருங்கள். சூடேறினால் மூடிக்கொள்ளும், வழக்கமாகத் திறந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுப் பொருட் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அதற்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை, உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து தொடுகையை மூடும். தாழ்மின்னழுத்தத் துண்டிப்பும் உங்களுக்குக் குறைவின்றிக் கிடைக்கும்.

சுவிட்சின் வெப்பநிலையைத் தெரிவு செய்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். இவ்வகைச் சுவிட்சு மூடும் வெப்பநிலைக்கும் திரும்பத் திறக்கும் வெப்பநிலைக்கும் இடையே பத்துப் பாகைக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பது வழக்கம். 40 பாகையில் மூடுவதை வாங்கினால் அது 28 பாகை அளவில்தான் திறக்கக்கூடும். குளிர்நாடுகளில் அது பொருட்டில்லை. கொழும்பில் ஏப்ரல் இரவில் வெளியே 27 பாகை இருக்கும்போது, பகல் முழுவதும் சூடேறிய சீமெந்துக் கல் அறை 28 பாகைக்கு இறங்க விடிந்துவிடும், விசிறியும் விடியும்வரை ஓடும். 45 பாகையில் மூடுவதை வாங்கினால் 33 அளவில் திறக்கும், அது நம் ஊருக்குப் பொருந்தும். எண்களைக் காட்டும் மின்னணு வெப்பக் கட்டுப்பாட்டு அட்டைகளில் இந்த இடைவெளியை இரண்டு பாகைக்கே குறைத்து அமைக்கலாம். ஆனால் அவை சும்மா இருக்கும்போதும் சில பத்து மில்லி அம்பியர் எடுக்கும். 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.7 அம்பியர்-மணி, உங்கள் விசிறி மூன்று மணிநேரம் ஓடுவதற்குச் சமம்.

மட்டக்குளி இலத்திரனியல் ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்துகளுடன் உடன்படுகிறேன். எனினும் விளக்குகளின் தானியங்கி முறையை விட்டுவிட விரும்பாத ஒருவருக்கு, பெனலையே ஒளியுணரியாகப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. ரிலே இல்லாமல், ஒரு மொஸ்ஃபெற்றும் (மின்னழுத்தத்தால் இயங்கும் குறைகடத்தி ஆளி) இரண்டு தடையிகளும் கொண்டு அதைச் செய்யலாம். ஆனால் அதற்கு முன்பு உங்கள் கொன்ட்ரோலர் எந்தப் பக்கத்தைத் துண்டிக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

குறைந்த விலையில் கிடைக்கும் பீ.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர்கள் பலவற்றில் பெனல், பற்றரி, லோட் ஆகிய மூன்றின் நேர் முனைகளும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். துண்டிக்கும் வேலை முழுவதும் மறை முனைகளில் நடைபெறும். மொஸ்ஃபெற்றுகளை மறைப் பக்கத்தில் இயக்குவது மலிவும் எளிதும் என்பதே காரணம். அத்தகைய கொன்ட்ரோலரில் பெனலின் மறை வயரும் பற்றரியின் மறை வயரும் லோடின் மறை வயரும் மூன்று வெவ்வேறு புள்ளிகள். இவற்றில் இரண்டை எங்காவது சேர்த்துவிட்டால், எடுத்துக்காட்டாக விசிறியின் மறை வயரை லோட் முனையிலும், வேறொரு கட்டுப்பாட்டு அட்டையின் மறை வயரைப் பற்றரியிலும் இணைத்து, அந்த அட்டைக்குள் இரண்டும் சந்திக்க விட்டால், கொன்ட்ரோலரின் துண்டிப்பு செயலற்றுப் போகும். விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், காரணம் எங்கே என்று தேடி நாள் முழுவதும் போகும். விளக்குகளின் உலோக உடலை அறையின் இரும்புச் சட்டத்துடன் தொடுத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

அறிந்துகொள்ளும் முறை இது. முதலில் பெனலைக் கழற்றுங்கள், பிறகு பற்றரியை, பிறகு லோடை. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். பற்றரி இல்லாமல் பெனல் மட்டும் இணைந்திருக்கும் நிலையைக் கொன்ட்ரோலருக்குத் தரக்கூடாது. பின்னர் மல்ரிமீற்றரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து மூன்று நேர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒலித்தால் நேர்முனை பொதுவான வகை. திரும்ப இணைக்கும்போது பற்றரி முதலில் வர வேண்டும்.

நேர்முனை பொதுவாக இருந்தால் சுற்று பின்வருமாறு அமையும். நேர்ப் பக்கத்தில் வைக்க ஏற்ற பீ-சானல் வகை மொஸ்ஃபெற் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஐ.ஆர்.எஃப். 9540 என்ற இலக்கமுடையது போதுமானதற்கும் மேல். அதற்கு மூன்று முனைகள்: மின்சாரம் நுழையும் சோர்ஸ், வெளியேறும் டிரெயின், அதை இயக்கி நிறுத்தும் கேற். அதன் சோர்ஸ் முனையைப் பற்றரியின் நேர் முனைக்கு, ஒரு அம்பியர் உருகி வழியாக இணைக்க வேண்டும். கேற் முனையிலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஒன்று சோர்ஸுக்கும், இன்னொரு 10 கிலோ ஓம் தடையி பெனலின் மறை முனைக்கும் செல்ல வேண்டும். டிரெயின் முனை விசிறியின் சிவப்பு வயருக்கும், விசிறியின் கறுப்பு வயர் பற்றரியின் மறை முனைக்கும் போகும்.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பிழை தேடுவது எளிதாகும். பகலில் பெனலின் மறை முனை, பொதுவான நேர் முனையிலிருந்து 13 வோல்ற்று அளவு கீழே நிற்கிறது. சமமான இரு தடையிகளும் அதைப் பாதியாகப் பிரிப்பதால் கேற்றுக்கு ஆறரை வோல்ற்று கிடைக்கிறது, கால் அம்பியர் விசிறிக்கு மொஸ்ஃபெற் தாராளமாக மின்சாரத்தை விடும். பற்றரி நிறைந்து பெனல் 21 வோல்ற்றுக்குத் தாவும் நேரத்திலும் கேற்றில் பத்தரை வோல்ற்றுதான் வரும். மொஸ்ஃபெற்றின் எல்லை 20 வோல்ற்று என்பதால் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் சேனர் டயோட் எதுவும் வேண்டியதில்லை. இரவில் பெனலில் மின்னழுத்தம் இல்லை, கேற் சோர்ஸுடன் சமமாகிவிடுகிறது, விசிறி நிற்கிறது. இந்த நிலையில் சுற்று பற்றரியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். பெனலின் மின்னழுத்தம் ஒளியின் அளவைக் காட்டும் அளவுகோல் அன்று. மங்கலான காலையொளியிலேயே அது உயர்ந்துவிடும், அந்நேரத்தில் பெனல் தரக்கூடிய ஓட்டமோ மிகச் சொற்பம். ஆகவே விசிறி விடியும்போதே தொடங்கி, நன்றாக இருட்டும்வரை ஓடும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம், 3 அம்பியர்-மணி. வெயில் நாளில் 50 வாற்று பெனல் உங்களுக்குப் பத்து அம்பியர்-மணிக்குக் குறையாமல் தரும் என்பதால் தாங்கும். தென்மேற்குப் பருவமழையில் வானம் நாள் முழுவதும் மூடியிருக்கும்போது பெனல் தருவது அதில் மூன்றிலொரு பங்கிற்கே இறங்கிவிடலாம், அதையும் விசிறியே தின்றுவிடும். எனவே வெள்ளவத்தை நண்பர் கூறிய 45 பாகைத் தேர்மல் சுவிட்சை, டிரெயினுக்கும் விசிறிக்கும் இடையில் தொடராகச் சேர்க்குமாறு வலியுறுத்துகிறேன். வெளிச்சமும் இருக்க வேண்டும், சூடும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மட்டுமே விசிறி ஓடும். மழைநாளில் அறை சூடேறாது, விசிறியும் ஓடாது. இந்த வழியில் விசிறி பற்றரியில் நேரடியாக இணைவதால் தாழ்மின்னழுத்தத் துண்டிப்பு அதற்கு இல்லை. ஆனால் வெயில் காயும்போது மட்டும் ஓடும் விசிறிக்கு அது பெரிய குறை என்று நான் கருதவில்லை.

உங்கள் கொன்ட்ரோலர் மறைமுனை பொதுவான வகையாக இருந்தால் இந்தச் சுற்றை அப்படியே போடாதீர்கள், வேலை செய்யாது. அப்போது என்-சானல் மொஸ்ஃபெற்றை மறைப் பக்கத்தில் வைத்து, பெனலின் நேர் முனையிலிருந்து கேற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எம்.பீ.பீ.ரி. வகை (பெனலின் உச்ச வலுவைத் தேடி எடுக்கும்) கொன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இந்த நிலைதான்.

தெஹிவளையிலிருந்து எழுதியது:

மின்சுற்றைப் பற்றி மேலே இருவரும் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் காற்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். விசிறி வாங்கியும் அறை குளிரவில்லை என்று கூறுவோர் பலரின் அறையில் காற்று உள்ளே வர வழியே இருப்பதில்லை.

கேள்வி கேட்டவரின் அறை ஏறத்தாழ 240 கன அடி. 120 மில்லிமீற்றர் விசிறி தடையின்றிச் சுழன்றால் நிமிடத்துக்கு 60 கன அடி தள்ளக்கூடும். நுளம்பு வலை, மழைத் தட்டு எல்லாம் பொருத்திய பிறகு பாதி கிடைத்தால் நல்லது. அப்படியானாலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதும் மாறும், அது போதும். ஆனால் அதற்கு எதிர்ச் சுவரின் அடிப்பகுதியில், விசிறியின் முகத்தைவிடப் பெரிய திறப்பொன்று வேண்டும். கணினி விசிறிகளுக்கு அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் வலு கிடையாது, மூடிய அறையில் அவை சுழலும், காற்று நகராது. வலையைப் போடாமல் விடச் சொல்லமாட்டேன், டெங்கு உள்ள ஊர் இது. திறப்பை இருமடங்கு பெரிதாக்கி அதன் மேல் வலையைப் போடுங்கள். வெளியேறும் துளை தென்மேற்கைப் பார்க்க வேண்டாம், மே மாதத்திலிருந்து மழை அந்தப் பக்கத்திலிருந்தே அடிக்கும்.

விசிறியால் அறையை வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் முற்பகுதியில் நண்பகற் சூரியன் கொழும்பின் தலைக்கு நேராக வந்துவிடுகிறது. தகரம் கதிராக இறக்கும் சூட்டை எந்த விசிறியும் தடுக்காது, காற்றை மாற்ற மட்டுமே அதனால் முடியும். தகரத்துக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத்தாளை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால், விசிறியைவிட அதனால் கிடைக்கும் பயன் கூடுதலாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேலும், பற்றரி அந்த அறையில்தான் இருக்க வேண்டுமா? ஈய-அமிலப் பற்றரியின் வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. படிக்கட்டுக்குக் கீழே நிழலான, காற்றோட்டமுள்ள இடம் இருந்தால் தடித்த வயர் இட்டுப் பற்றரியையும் கொன்ட்ரோலரையும் அங்கே இறக்கிவிடுங்கள். பெனல் வயர் மட்டும் மாடியிலிருந்து வரட்டும். அது முடியாவிட்டால் பற்றரியைத் தரையோடு, காற்று உள்ளே வரும் திறப்பின் அருகில் வையுங்கள். மூடிய பற்றரியும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஐதரசனை வெளியேற்றும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் தீப்பற்றக்கூடியது. அந்த வாயு மேலே எழுவதால் விசிறி மேலே இருப்பதும் நல்லதே, ஆனால் தொடுகைகள் உள்ள சுவிட்சைப் பற்றரிக்கு நேர் மேலே பொருத்த வேண்டாம்.

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா கூறிய ஒழுங்கில் கழற்றிச் சோதித்தேன். மூன்று நேர் முனைகளும் ஒலித்தன, எனவே நேர்முனை பொதுவான வகைதான். விளக்குகளின் தானியங்கி முறை அம்மாவுக்கு மிகவும் வசதியாக இருப்பதால் மொஸ்ஃபெற் வழியையே தெரிவு செய்கிறேன், 45 பாகைச் சுவிட்சும் சேர்த்து. பற்றரியைக் கீழே இறக்க இடமில்லை. அதனால் அதைத் தரையோடு திறப்பின் பக்கம் நகர்த்துகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. பகலில் பற்றரி முனையில் 14.4 வோல்ற்று வரை காட்டுகிறது. விசிறியின் எல்லை 13.8 என்றால் என்ன செய்வது? விசிறியில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் வயரும் இருக்கிறது, அதை எங்கே இணைப்பது?

வெள்ளவத்தை மின்பணியாளர் எழுதியது:

மஞ்சள் வயர் சுழற்சி வேகத்தைக் கணினிக்கு அறிவிப்பது. அதை எங்கும் இணைக்க வேண்டாம், நுனியை மட்டும் நாடா சுற்றி மூடிவிடுங்கள்.

மின்னழுத்தத்துக்கு, சிவப்பு வயரில் ஒரு அம்பியர் டயோட் (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் கூறு) இரண்டைத் தொடராகப் போடுங்கள், 1 என் 4007 என்ற இலக்கமுடையது போதும். ஒவ்வொன்றும் 0.8 வோல்ற்று அளவு இறக்கும், 14.4 இருந்தால் விசிறிக்கு 12.8 கிடைக்கும். பற்றரி 12 வோல்ற்றில் இருக்கும்போது விசிறிக்கு 10.4தான் செல்லும், அதிலும் இவ்வகை விசிறி தொடங்கிவிடும், சற்று மெதுவாக ஓடும், அவ்வளவே. அதே வகை டயோட் இன்னொன்றை விசிறிக்குக் குறுக்காக, வெள்ளைக் கோடு சிவப்பு வயர்ப் பக்கம் இருக்குமாறு சேர்த்துவிட்டால், சுவிட்சு திறக்கும் நேரத்தில் எழும் மின்னழுத்தத் தாவல் மொஸ்ஃபெற்றையும் சுவிட்சின் தொடுகையையும் தாக்காது.

உருகியைப் பற்றரியின் நேர் முனைக்குக் கையெட்டும் தூரத்தில் அல்ல, முனையை ஒட்டியே பொருத்துங்கள். 26 அம்பியர்-மணிப் பற்றரி குறுக்குச்சுற்றில் பல நூறு அம்பியரைத் தரக்கூடியது, விசிறியின் மெல்லிய வயர் அதைக் கணமும் தாங்காது. தேர்மல் சுவிட்சைத் தகரத்தில் தொடவிடாமல், கூரைக்குச் சற்றுக் கீழே காற்றில் தொங்குமாறு கட்டுங்கள். தகரத்தில் ஒட்டினால் அது காற்றின் சூட்டை அல்ல, தகரத்தின் சூட்டையே அளந்து காலை ஒன்பது மணிக்கே விசிறியைத் தொடக்கிவிடும். முதல் நாளில் சுவிட்சின் இரு கால்களையும் தற்காலிகமாகச் சேர்த்து வைத்து, பெனலைத் தடித்த துணியால் முழுவதும் மூடிப் பாருங்கள். விசிறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெனலின் மறை வயரும் பற்றரியின் மறை வயரும் எங்கோ சேர்ந்திருக்கின்றன.